பையில் இருந்தது

"மூச்சுத் திணறுது. மொதல்ல என்ன செய்வே?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். ஒரு கையில் கைக்கடிகாரம், மறு கையில் பேனா.

"ஏங்க, அடுப்புல குக்கர் இருக்கு" என்றாள் அவர் மனைவி.

"கப்பல்ல குக்கர் இருக்காது. மொதல்ல என்ன?"

அவள் சிவப்புப் பையைத் திறந்து உள்ளே துழாவி, நீல நிற இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள்.

"பதினொரு வினாடி. எட்டுல வரணும். இன்னொரு தடவை."

கப்பல் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்தச் சிவப்புப் பை அதற்குள் மூன்று முறை நிரம்பி மூன்று முறை கட்டிலில் கொட்டப்பட்டுவிட்டது. முப்பதாவது கல்யாண நாளுக்கென்று மகள் வெளியூரிலிருந்து ஐந்து நாள் உல்லாசக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தாள். வேறு ஆளாக இருந்தால் புதுச் சட்டை வாங்கப் போயிருப்பார். இவர் ரத்த அழுத்தக் கருவிக்குப் புது பேட்டரி வாங்கப் போனார். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொடி, கட்டுத் துணி, வெப்பமானி, இன்ஹேலர் மட்டும் மூன்று. ஒன்று சிவப்புப் பையில், ஒன்று அவள் தோள்பையில், ஒன்று அவளுடைய கம்பளிச் சட்டையில். "அப்பா, நீங்க உல்லாசப் பயணம் போறீங்களா, இல்ல ஆம்புலன்ஸ் ஓட்டப் போறீங்களா?" என்று மகள் போனில் கேட்டதற்கு, "உனக்கென்ன, நடுக்கடல்ல நீயா இருக்கப் போறே?" என்று வைத்துவிட்டார். தெருவில் அவருக்கு 'வேளைக்கு ஒண்ணு' என்று பட்டப்பெயர். யார் என்ன கேட்டாலும் முதல் பதில் அதுதான். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

மருந்துக்கடையை ஒட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை. அது அவளுடையது. சாயம் போகாமல் கறை எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கோளாறு ஆஸ்துமா. நான்கு வருடத்துக்கு முன், தம்பிக்கு விபத்து என்று யாரோ போனில் பட்டென்று சொல்லிவிட, கடையிலேயே மூச்சடைத்து விழுந்தாள். இரண்டு நாள் தீவிர சிகிச்சை. தம்பி பிழைத்தான், இவளும் பிழைத்தாள். ஆனால் இவளுடைய மூச்சை நிறுத்தியது தூசியோ குளிரோ இல்லை, கெட்ட செய்திதான் என்று மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு முடிவு கட்டிவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் கெட்ட செய்திக்கு அனுமதி இல்லை. பால் திரிந்துபோனதைக்கூடப் பால்காரர் அவரிடம் வந்துதான் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட மனுஷன் தன்னிடம் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்கு ஏழு மாதமாகத் தெரியும்.

சலவைக்கு வரும் துணியில் முதல் வேலை பையைத் துழாவுவது. சில்லறை, சாவி, பேருந்துச் சீட்டு, சமயத்தில் சொல்லக் கூடாததெல்லாம் வரும். எது வந்தாலும் அவள் பார்க்க மாட்டாள், படிக்க மாட்டாள், கேட்க மாட்டாள். ஒரு பழுப்பு நிறக் கவரில் போட்டுப் பின் அடித்து, மேலே தேதியும் 'பையில் இருந்தது' என்றும் எழுதித் துணியோடு கொடுத்துவிடுவாள். கடை வைத்த புதிதில், ஒருவருடைய கால்சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தைப் படித்துவிட்டு, விளையாட்டாக அவர் மனைவியிடம் வாயை விட்டாள். அந்தக் குடும்பம் இரண்டாகப் போனது. அந்த அம்மா கடை வாசலில் நின்று அழுததை இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை. அன்றைக்கு வாங்கிய ஸ்டேப்ளர்தான் இன்னும் மேஜையில் இருக்கிறது.

ஏழு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் சட்டைப் பையில் சின்னதாக ஒரு பஞ்சுருண்டை வந்தது. நடுவில் ஒரு பொட்டு ரத்தம். கூடவே நாலாக மடித்த ஒரு தாள். தாளை விரிக்க விரல் ஒரு கணம் போனது. ஆனாலும் கை பழகியபடியே போயிற்று. கவர், ஸ்டேப்ளர், தேதி, 'பையில் இருந்தது'. சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு நீட்டினாள். அவர் கவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

அப்புறம் மாதம் தவறாமல் அதே கதை. முதல் வியாழக்கிழமை "மொத்தக் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்புவார். மறுநாள் சட்டைப் பையில் பஞ்சும் தாளும் இருக்கும். காலரில் சவரக் காயத்து ரத்தம் வேறு. கறைகளையே படித்தவளுக்கு ஒரு சொட்டு எது, நிற்காமல் கசிந்தது எது என்று தெரியாதா? முன்பெல்லாம் ஒரு அலசலில் போன கறை இப்போது மூன்று அலசல் கேட்டது. வீட்டில் கீரை வாங்காதே என்று வேறு சொல்லிவிட்டார். ராத்திரி அவர் திரும்பிப் படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று திரும்பிப் போய்விடும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், அவர் இரண்டு அட்டைகளை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார். "கப்பல் டாக்டர் கேட்டா பேச வேண்டாம். நீட்டினாப் போதும்." அவளுடைய அட்டையில் இடமே இல்லை. ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று பொடி எழுத்தில் நிரப்பியிருந்தார். பின்பக்கம் இருவருக்குமான காப்பீட்டு எண். அதன் கீழே 'கப்பலிலிருந்து தூக்கிச் செல்ல' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அவருடைய அட்டை காலி மைதானமாக இருந்தது. ரத்த வகை. நோய்: இல்லை. மருந்து: இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றார் அவர், பையின் ஜிப்பைப் பார்த்தபடி.

அவள் அந்த அட்டையை வாங்கித் தோள்பையில் வைத்துக்கொண்டாள். அன்று இஸ்திரி போடும்போது இரண்டு சட்டை கருகியது.

துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டவர் சிவப்புப் பைக்கும் கை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "பெட்டியெல்லாம் கேபினுக்கு சாயங்காலம்தான் வருமாம். அதுவரைக்கும் மூச்சு காத்துக்கிட்டு இருக்குமா?" கேட்டவருக்குச் சிரிப்பு. கப்பலில் ஏறியதும் எல்லோரும் மேல்தளத்துக்குக் கடல் பார்க்க ஓட, இவர் அவளை இரண்டாம் தளத்துக்கு, மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். கேபினிலிருந்து அங்கே நூற்றுப் பதினாலு படி. லிப்ட் வேலை செய்யாவிட்டால் என்ன ஆவது என்று படிகளை ஒவ்வொன்றாக எண்ணித் தீர்த்தார். மருத்துவ அறையின் போன் எண்ணைக் கேபின் கண்ணாடியில் ஒட்டினார். கேபினில் குளியலறை வாசல்படி ஒரு சாண் உயரம். "இதைப் பார்த்து நட. தடுக்கினா அவ்வளவுதான்" என்று அவளுக்கு இரண்டு தரம் சொன்னார்.

அவளுக்கோ எங்கே உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை. கடல் நீலமாகத்தான் இருந்தது, யார் இல்லை என்றார்கள்? அவள் கண் அவர் தாடையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கிலேயே இருந்தது. கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கடையென்றால் நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. இங்கே இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒன்று ஆனால், ஒரு டாக்டர் வந்து "இவருக்கு என்ன?" என்று கேட்டால், கட்டிய மனைவி என்ன சொல்வாள்? முப்பது வருடம் துணி துவைத்தேன் என்று சொல்வாளா? இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இரண்டாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் வாய் திறந்தாள். "ஏங்க, அந்த வியாழக்கிழமை..."

அவர் கரண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்தது பயமா ஆறுதலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வந்தாற்போல ஒரு பெண்மணி மேஜையை உரசிக்கொண்டு போனாள். இவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூன்று இருமல்தான். நாலாவது இருமலுக்குள் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பித்திருந்தார்.

"எங்கிட்டயே இருக்கு! தோள்பையில இருக்கு!" என்று அவள் கத்தினாள். ஒன்பது நாள் ஒத்திகை பார்த்த மனுஷன் காதில் அது எங்கே விழப் போகிறது?

அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பின்னாலேயே கேபினுக்குப் போனாள். அவர் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, தலையின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சிவப்புப் பை திறந்து கிடந்தது. அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்று உள்ளே போனாராம், அந்த ஒரு சாண் படி. அவளுக்கு இரண்டு தரம் சொன்ன அதே படி.

"ரத்தம் வருதா பாரு."

"வரல. வீங்கியிருக்கு."

"அவ்வளவுதானே. ஐஸ் வச்சா சரியாப் போயிடும்" என்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

முக்கால் மணி கழித்துத் தலை வலிக்கிறது என்றார். "குடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

"எதை?"

சிறிது நேரம் கழித்து மறுபடி, "குடுத்துட்டேனா?" மூன்றாம் தரம் கேட்டபோது அவர் கண் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது. பிறகு வாந்தி எடுத்தார். அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். சக்கர நாற்காலி வந்தது.

அலை கொஞ்சம் அதிகமாக இருந்த நாள் அது. மருத்துவ அறையில் ஏற்கெனவே ஐந்து பேர் ஆளுக்கொரு காகிதப் பையை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இளம்பெண். பொறுமையாகத்தான் பார்த்தாள். கண்ணில் விளக்கடித்தாள், வீக்கத்தைத் தொட்டாள், கை கால் தூக்கச் சொன்னாள்.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

அவள் பழக்கதோஷத்தில் தோள்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டுத் தலையாட்டினாள். "எல்லாரும் இப்படி எழுதி வச்சுக்கிட்டு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். நோய் இல்லை, மருந்தும் இல்லை. லேசான அடி, கூடக் கடலும் ஒத்துக்கல. வாந்திக்கு ஊசி போடறேன். இங்கேயே படுக்கட்டும், அப்பப்போ பாத்துக்கறேன். கவலைப்படாதீங்கம்மா."

டாக்டர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அட்டை டாக்டரின் மேஜையில், எழுத்துத் தெரியும்படி கிடந்தது. மருந்து: இல்லை. அவள் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். அவராகச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? எனக்குத்தான் என்ன தெரியும்? பஞ்சு தெரியும். காலர் தெரியும். கடை வாசலில் நின்று அழுத அந்த அம்மா முகம் கண் முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்று அவள் மேஜையருகே போனாள்.

"டாக்டர், அந்த அட்டை பொய்."

"என்னம்மா?"

"எனக்கு மருந்து பேர் தெரியாது. நான் சலவைக்கடை வச்சிருக்கேன். கறைதான் தெரியும். ஏழு மாசமா மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் டெஸ்டுக்குக் குடுக்கப் போறாரு. முழங்கை மடிப்புல ஒட்டின பஞ்சு சட்டைப் பையில வருது. சவரம் பண்ணினா ரத்தம் நிக்கமாட்டேங்குது. காலர் கறை முன்ன மாதிரி இல்ல, மூணு தடவை அலசணும். கீரை வாங்காதேன்னு சொல்லிட்டாரு. ஏன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும், கேக்கல."

டாக்டரின் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. "அவரோட மாத்திரை எங்க இருக்கும்?"

அவள் ஓடினாள். லிப்ட்டுக்குக் காத்திருக்க மனசு ஒப்பவில்லை. நூற்றுப் பதினாலு படி. பாதியில் நெஞ்சு விசில் அடித்தது. நின்று ஒரு இழுப்பு, மறுபடி படி. கேபினில் சிவப்புப் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். காய்ச்சல் மாத்திரையும் கட்டுத் துணியும் தரையெல்லாம் உருண்டன. பையின் அடித்துணிக்குக் கீழே இன்னொரு ஜிப் இருந்தது. அவளிடம் நடத்திய எந்த ஒத்திகையிலும் வராத ஜிப். உள்ளே பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை. அதோடு ரப்பர் பேண்டு போட்ட பழுப்புக் கவர்கள், ஏழு. ஏழிலும் அவளுடைய கையெழுத்து. தேதி, 'பையில் இருந்தது'. ஒன்றில்கூட பின் பிரிக்கப்படவில்லை.

மருத்துவ அறை வாசலில் நின்று, பல்லால் கடித்து முதல் பின்னைப் பிடுங்கினாள். உதட்டில் கீறியது. ஏழு கவரையும் கிழித்து, ஏழு தாளையும் மேஜையில் விரித்தாள்.

டாக்டர் கடைசித் தாளிலிருந்த ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் படித்தாள், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கறவங்களுக்குக் குடுக்கற மாத்திரைம்மா இது. ரத்தம் உறையாம வச்சிருக்கும், அதுக்குத்தான் கீரை ஆகாது. வெளிய ரத்தம் வரலைன்னாலும் மண்டைக்குள்ள கசிஞ்சுக்கிட்டு இருக்கலாம், இவருக்கு அது தானா நிக்காது. இங்க வச்சுக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். கப்பல் தலைவரை அழைத்தாள், அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசியை எடுக்கச் சொன்னாள், ஹெலிகாப்டர் கேட்டாள். காப்பீடு இருக்கிறதா என்று யாரோ கேட்டபோது அவள் தன்னுடைய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடு போட்ட வரி அங்கே இருந்தது.

நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். "உங்களுக்கு மூச்சு வாங்குதேம்மா."

"வாங்கட்டும்" என்றாள் அவள். கெட்ட செய்தி முழுசாக, பட்டென்று வந்து விழுந்திருந்தது. மூச்சு நிற்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு, வெயில் இருக்கும்போதே ஹெலிகாப்டர் மேல்தளத்துக்கு வந்தது. கரையிலிருந்த ஆஸ்பத்திரியில் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, தேங்கியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் போனார். மகள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, மகள் காபி வாங்கக் கீழே போயிருந்தபோது, அவர் நன்றாக விழித்தார். தலையில் பெரிய கட்டு. அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்த அவருடைய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை.

"பிரிச்சுட்டியா?" என்று கேட்டார். குரல் காற்றாக வந்தது.

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஏழையும் பிரிச்சேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எனக்கு வாயால சொல்ல வரல. சொன்னா உனக்கு மூச்சு நின்னுடுமோன்னு பயம். அதான் பையிலயே விட்டேன். மெதுவா நீயே எடுத்துப் படிச்சுப்பேன்னு பாத்தேன். நீ பின் அடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டே. சரி, இவளுக்குத் தெரிஞ்சுக்க இஷ்டமில்ல போலன்னு நெனச்சுட்டேன். அடுத்த மாசம் மறுபடி வச்சேன். மறுபடி பின் அடிச்சே."

அவளுக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. தன்னையும் சேர்த்துத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஏழு தடவை அவர் கேட்டிருக்கிறார், ஏழு தடவையும் அவள் பூட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஸ்டேப்ளரின் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது. கையிலிருந்த சட்டையின் பையை வழக்கம்போலத் துழாவினாள். விரலில் கெட்டியாக ஏதோ பட்டது.

நீல நிற இன்ஹேலர். சிவப்புப் பையில் இருக்க வேண்டியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. படி தடுக்கி விழுவதற்கு முன்னாலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். அடிபட்ட தலைக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், அது ஒன்று மட்டும் நின்றிருக்கிறது. குடுத்துட்டேனா, குடுத்துட்டேனா என்று.

அவள் அவருடைய உள்ளங்கையைப் பிரித்து அதை வைத்து, தன் கையால் மூடினாள். இத்தனை நாளாக அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது.

"பையில இருந்தது" என்றாள்.

அவர் கையைப் பார்த்தார். "கவர்ல போடலையா?"

"கவரெல்லாம் கஸ்டமருக்கு" என்றாள் அவள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "இப்ப கேக்கறேன், ஒண்ணு விடாம சொல்லுங்க. அந்த மொத வியாழக்கிழமை என்ன ஆச்சு?"